தங்கச் சுரங்கத்தில் இறால் வளர்த்தவள்

கடல் உயிரிகளின் மரபியலில் வேலை பார்ப்பவர்கள் எல்லோருக்கும் பொதுவான கஷ்டம் ஒன்று உண்டு: என்ன வேலை செய்கிறோம் என்பதை வீட்டில் ஒருவருக்கும் சொல்லிப் புரியவைக்க முடியாது. எனக்கு இன்னொரு கஷ்டமும் சேர்ந்துகொண்டது. கடல் உயிரிகளை வைத்துக்கொண்டு நான் வேலை பார்த்தது கோலார் தங்கவயலில். அங்கிருந்து எந்தப் பக்கம் நடந்தாலும் கடல் வராது.

எழுபதுகளின் தொடக்கம். தெற்கே கடற்கரையில் இருந்த எங்கள் ஆராய்ச்சிக்கூடத்தின் இயக்குநருக்கு ஒரு சந்தேகம் வந்தது. வானத்திலிருந்து ஒருவகைக் கதிர்கள் ஓயாமல் பூமியின்மேல் விழுகின்றன. கூரை, சுவர், உடம்பு எல்லாவற்றையும் துளைத்துக்கொண்டு போகின்றன. பிறக்கும் குட்டிகளில் சில கோணலாகப் பிறப்பதற்கு இவையும் ஒரு காரணமா? தெரிய வேண்டுமானால், கதிர் எட்டாத ஆழத்தில் ஒரு கூட்டத்தையும் மேலே ஒரு கூட்டத்தையும் வளர்த்து, தலைமுறை தலைமுறையாக எண்ணிப் பார்க்க வேண்டும். ஆழத்துக்குத் தங்கச் சுரங்கம் இருந்தது. கூட்டத்துக்கு உப்பளப் பாத்திகளில் வளரும் குட்டி இறால். சீரகத்தைவிடக் கொஞ்சம் பெரியது, சில வாரங்களில் வளர்ந்து குட்டி போட்டுவிடும். எண்ணுவதற்கு நான். நுண்ணோக்கியில் குனிந்து குனிந்து கழுத்துப் பிடித்துக்கொண்ட சக ஜீவன்கள் யாராவது இதைப் படித்தால், எண்ணெய் தடவிக்கொண்டே படிக்கலாம்.

வண்டியேறிய கடல்

இறாலுக்கு உப்பளத்துத் தண்ணீர்தான் வேண்டும், ஊரில் உப்பைக் கரைத்து ஊற்றி ஏமாற்றக் கூடாது என்பது இயக்குநரின் கட்டளை. பெரிய கண்ணாடி ஜாடிகள் நான்கு. வைக்கோல் சுற்றி, சாக்கு தைத்து, மெட்ராஸிலிருந்து பங்காருபேட்டைக்கு வரும் வண்டியில் காலடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வண்டி குலுங்கும்போதெல்லாம் ஜாடிகளை இரண்டு காலாலும் இறுக்கிக்கொண்டேன். எதிரில் இருந்த குடும்பம் ஊறுகாய் என்று நினைத்துக்கொண்டு, காட்பாடியில் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்ததும் என்னை நட்போடு பார்த்தது.

ஜோலார்பேட்டை தாண்டியதும் டிக்கெட் பரிசோதகர் வந்தார். என்ன ஜாடி என்று கேட்டார். கடல் தண்ணீர் என்றேன். எங்கே போகிறது என்றார். தங்கவயலுக்கு என்றேன். இதைவிட நல்ல பொய்யாக நான் சொல்லியிருக்கலாம் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. சாக்கின் ஓரத்தைப் பிரித்து உள்ளே பார்த்தார். "ஏதோ ஓடுதே" என்றார். இறால் என்றேன். உயிருள்ளதை ஏற்றினால் தனியாகப் பதிவு செய்ய வேண்டும், எத்தனை இருக்கிறது என்று புத்தகத்தைத் திறந்தார். பொய் சொல்லத் தெரியாத தொழிலில் இருக்கிறேனே, சுமார் மூவாயிரம் இருக்கும் என்று சொன்னேன். அவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

"மூவாயிரம் உருப்படிக்கு நான் எழுத உக்காந்தா, வண்டி பெங்களூரு போயி திரும்பி வந்துடும். காலை மடக்கி உக்காருங்கம்மா, யாரும் எட்டி ஒதைச்சிடப் போறாங்க."

சட்டத்தில் இல்லாதது

என் விண்ணப்பத்தில் இயக்குநர் என் பெயருக்குப் பதிலாக இனிஷியல்களை மட்டும் போட்டு அனுப்பியிருந்தார். சுரங்க அதிகாரி எனக்காகத் தலைக்கவசமும் பூட்ஸும் எடுத்து வைத்துக் காத்திருந்தார். அந்த பூட்ஸ் ஒன்றில் என் இரண்டு காலும் நுழையும். புடவையில் நான் வந்து நின்றதும் பாவம் மனிதர் எழுந்து நின்று, மறுபடி உட்கார்ந்து, மறுபடி எழுந்தார். பெண்கள் சுரங்கத்துக்குள் இறங்கக் கூடாது, அது இந்தச் சுரங்கம் போட்ட சட்டம் அல்ல, நாடு முழுவதற்குமான சட்டம் என்று மிகவும் வருத்தத்தோடு சொன்னார். மேலே எனக்கு ஓர் அறை தருவதாகவும், கீழே ஜாடிகளைப் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான ஆள் ஒருவரைத் தருவதாகவும் சொன்னார்.

எனக்கு வந்த கோபத்தை வெளியே காட்டவில்லை. மேஜைமேல் இருந்த ஜாடியைப் பார்த்தேன். நான் வளர்க்கும் இந்த வகை இறாலில் ஆணே கிடையாது. தாய் தனியாகவே குட்டி போடும், குட்டிகளும் பெண்கள்தான். அப்படியானால் இவை மட்டும் இறங்கலாமா என்று பணிவோடு கேட்டேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். அவரோ அலமாரியிலிருந்து தடித்த புத்தகம் ஒன்றை எடுத்துக் கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் புரட்டினார்.

"இறாலைப் பத்தி இதுல ஒண்ணும் போடலைம்மா. அதுங்க தாராளமா இறங்கலாம்."

முனிரத்தினத்தின் கேள்வி

எனக்குக் கொடுத்த நம்பிக்கையான ஆள் முனிரத்தினம். சுரங்கத்துக்குள் கூரை சரியாமல் மரம் முட்டுக்கொடுக்கிற வேலை அவருக்கு. முப்பத்தைந்து வயது இருக்கும். தங்கவயலிலேயே பாலகாட் பக்கம், வரிசையாகக் கட்டிய தொழிலாளர் லைன் வீடுகளில் ஒன்றில் மனைவியோடு இருந்தார். தன் ஷிப்டில் கீழே இறங்கும்போது, சூடு அதிகமில்லாத ஒரு லெவலில், அதாவது நிலத்தடித் தளத்தில், பயன்படாமல் கிடந்த பம்ப் அறைக்குப் போய், ஜாடிக்கு ஒரு கரண்டி ஈஸ்ட் கரைசல் ஊட்ட வேண்டும். சூட்டில் தண்ணீர் வற்றும். நான் கோடு போட்ட இடம் வரை, நான் கொடுக்கும் காய்ச்சி வடித்த தண்ணீரை ஊற்ற வேண்டும். சனிக்கிழமைதோறும் ஒரு சின்னப் பாட்டிலில் குட்டிகளைப் பிடித்து மேலே கொண்டுவர வேண்டும். முதல் நாள் ஜாடியை மார்போடு அணைத்துக்கொண்டு அவர் ஆட்களை இறக்கும் கூண்டான கேஜில் ஏறியதைப் பார்த்தபோது எனக்குத் தைரியம் வந்தது.

என்ன பார்க்கப் போகிறோம் என்று அவர் கேட்டார். கதிர், உயிரணு, தலைமுறை என்று கால் மணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மேல பொறக்கற குட்டி நல்லா கீதா, கீழ பொறக்கற குட்டி நல்லா கீதா. அத்தானே?" என்றார். நான் விளக்கியதைவிட அது நன்றாகவே இருந்தது. பிறகு கொஞ்ச நேரம் தலைக்கவசத்தைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார். மனைவி பாக்கியத்துக்கு இது மூன்றாவது மாதம் என்றார். முன்னே இரண்டு தங்கவில்லை. ஒன்று ஐந்தாம் மாதத்திலேயே போயிற்று. இன்னொன்று பிறந்தது, மூச்சு விடவில்லை. இத்தனை வருஷம் பூமிக்குள் இருந்தவனுக்குப் பிள்ளை எப்படி நிற்கும் என்று லைனில் யாரோ சொல்லிவிட்டார்களாம். அதைக் கேட்டதிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை என்றார்.

அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தேன். ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். இது இறால், இதை வைத்து மனிதர்களைப் பற்றி யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது, ஆஸ்பத்திரியில் கேட்பதுதான் சரி என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

"அங்கயும் கேட்டாச்சும்மா. இப்போ எறாவப் பத்தித்தான் கேக்கறேன். கீழ பொறந்ததுல எத்தினி நல்லா கீதுன்னு வாராவாரம் எங்கிட்ட சொல்லிடுங்க, அது போதும்."

வாசலில் சோதனை

சுரங்கத்திலிருந்து வெளியே வருகிற ஒவ்வொருவரையும் வாசலில் சோதனை போடுவார்கள். வாய், காது, தலைமுடி, சாப்பாட்டுத் தூக்கு எதுவும் தப்பாது. தங்கம் ஒரு துணுக்கு வெளியே போய்விடக் கூடாது. எங்கள் இறால்களோ சில நேரம் குட்டிக்குப் பதிலாக முட்டை போட்டுவிடும். பழுப்பு நிறத்தில், பொடி மணல் போல, பாட்டிலின் அடியில் படிந்து கிடக்கும். வெளிச்சத்தில் திருப்பினால் லேசாக மினுங்கும். முதல் சனிக்கிழமை முனிரத்தினம் கொண்டுவந்த பாட்டிலைக் காவலர் வெயிலில் தூக்கிப் பார்த்தார். அவ்வளவுதான், முனிரத்தினத்தை ஓரமாக நிற்க வைத்துவிட்டு எனக்கு ஆள் அனுப்பினார்கள்.

நான் ஓடினேன். சுரங்கத்து ஆளை இந்தக் குற்றத்துக்குச் சந்தேகப்பட்டாலே வேலை போய்விடும் என்பது அதற்குள் எனக்குத் தெரிந்திருந்தது. முட்டை என்று சொன்னேன். காவலர் நம்பவில்லை, நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். அவரையும் பாட்டிலையும் என் அறைக்கு இழுத்துக்கொண்டு போய், ஒரு சொட்டு எடுத்து நுண்ணோக்கியில் வைத்துக் குனியச் சொன்னேன். நல்ல வேளையாக ஒரு முட்டை அப்போதுதான் பிளந்து, உள்ளேயிருந்து ஒற்றைக் கண்ணோடு ஒரு குஞ்சு துழாவிக்கொண்டிருந்தது. அவர் குனிந்தவர் நிமிரவே இல்லை. பின்னால் கைகட்டி நின்ற முனிரத்தினத்துக்கு வேர்த்துக் கொட்டியது. அன்று முதல் காவலர் எங்கள் பாட்டிலுக்கு மட்டும் தனி மரியாதை கொடுத்தார்.

"தங்கமா இருந்தா புடிச்சுக் குடுத்துட்டு நல்ல பேரு வாங்கியிருப்பேன். இது என்னையே மொறச்சிப் பாக்குது, இத்த இன்னான்னு எழுதறது?"

ஆம்பளை இல்லாத ஜாடி

ஒரு நாள் பாக்கியம் என் அறைக்கு வந்தாள். ஐந்தாம் மாதம் முடிந்திருந்தது. கணவன் எதைக் கட்டிக்கொண்டு அழுகிறான் என்று பார்க்க வந்ததாகச் சொன்னாள். மேலே வளர்கிற ஜாடியைக் காட்டினேன். தங்கவயலின் குளிருக்கு இறால் தாங்காது என்பதால், கீழே உள்ள சூட்டுக்குச் சமமாக இருக்கட்டும் என்று மரப்பெட்டிக்குள் பல்பு போட்டு ஜாடிகளை வைத்திருந்தேன். பல்பு வெளிச்சத்தில் எல்லாம் மல்லாந்து நீந்திக்கொண்டிருந்தன. இதில் ஆண் எது என்று கேட்டாள். ஒன்றுகூட இல்லை என்றேன். நான் கேலி செய்கிறேன் என்று நினைத்தாள். ஜாடியைச் சுற்றி வந்து, பின்பக்கம் எங்காவது ஒளிந்திருக்கிறதா என்றும் பார்த்தாள்.

பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து, அவருடைய பயம் தனக்குத் தெரியும் என்றாள். வாயைத் திறந்து சொல்ல மாட்டார். சனிக்கிழமை அவர் வீட்டுக்குள் நுழைகிற விதத்திலேயே அந்த வாரக் குட்டிகள் எப்படி என்று தெரிந்துவிடுமாம். உனக்குப் பயமில்லையா என்று கேட்டேன். இருக்கிறது, ஆனால் இரண்டு பேரும் பயந்தால் சமைப்பது யார் என்றாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது. அதற்குள் அவள் எழுந்து மறுபடி ஜாடியின் முன்னால் போய் நின்றுவிட்டாள்.

"பொறந்தது நிக்குமா நிக்காதான்னு வாசல்ல உக்காந்து பொலம்பறதுக்கு இங்க ஆளு இல்ல. அதான் மல்லாந்து படுத்துகினு நீந்துதுங்க."

கோணல்

பாக்கியத்துக்கு ஏழாம் மாதம். அந்தச் சனிக்கிழமை வந்த பாட்டிலில் பாதிக்குமேல் செத்து மிதந்தன. மீதியில் பல வால் வளைந்து, ஒரே இடத்தில் வட்டம் போட்டுக்கொண்டிருந்தன. கால் முளைக்காதவையும் இருந்தன. மேலே என் பெட்டிக்குள் இருந்தவை ஒரு குறையும் இல்லாமல் நீந்தின. ஒரு விஷயத்தை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். முதல் நிமிஷம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வித்தியாசம் கிடைத்துவிட்டது. இதற்காகத்தானே இத்தனை மாதம். இயக்குநருக்குத் தந்தி அடிக்க வாசகம்கூட மனசில் ஓடியது. நிமிர்ந்து பார்த்தேன். முனிரத்தினம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணிச் சொல்லத் தேவையே இல்லாமல் போயிற்று.

அடுத்த வாரம் இன்னும் மோசம். அவர் வேலைக்கு வந்தார், ஜாடிகளைப் பார்த்தார், பாட்டிலை வைத்தார், போனார். மேலே வேறு வேலை மாற்றிக் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. இனிமேல் மாற்றிக்கொண்டு என்ன பயன் என்று அவருக்கே தெரியும். நான் பழைய பாட்டையே பாடினேன்: இறால் வேறு, மனிதர் வேறு, இதை மனசில் போட்டுக்கொள்ளாதீர்கள் என்று. அவர் கோபப்படவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"எறாவுக்கு ஆனது மனுசனுக்கு ஆகாதுன்னா, இன்னாத்துக்கும்மா எண்ணிகினு கீறீங்க?"

பேட்டரி தண்ணி

தந்தி அடிக்கவில்லை. ஏதோ இடித்தது. கதிர் இல்லாத இடம் நல்லதா என்று பார்க்கத்தான் நாங்கள் கிளம்பினோம். நல்லதாக இருக்கலாம், வித்தியாசம் இல்லாமலும் இருக்கலாம். இத்தனை மாதம் சாதுவாக இருந்துவிட்டு, திடீரென்று இரண்டே வாரத்தில் இப்படிக் கெடுவதற்கு நியாயமில்லை. என் கண்ணால் போய்ப் பார்த்தால் ஒரு மணி நேரத்தில் விஷயம் தெரிந்துவிடும். சட்டம் விடாது. அதனால் முனிரத்தினத்தை என் அறைக்கு வரவழைத்து, மேஜைமேல் காலி ஜாடி ஒன்றை வைத்து, கீழே தினமும் என்ன செய்கிறீர்களோ அதை அப்படியே இங்கே செய்து காட்டுங்கள், ஒன்றையும் விடாதீர்கள் என்றேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். கரண்டியால் ஈஸ்ட் அளந்து ஊற்றினார். கலக்கினார். பிறகு தன் சாப்பாட்டுப் பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துக் கார்க்கைத் திறந்தார். அறை முழுவதும் பிளீச்சிங் பவுடர் வாசனை. அது என்ன தண்ணீர் என்று கேட்டேன். வீட்டுக் குழாயில் காலையில் பிடித்தது, சுத்தமான பேத்தமங்களா ஏரித் தண்ணீர் என்றார் பெருமையாக. மழைக்காலத்தில் குழாய்த் தண்ணீரில் மருந்தைக் கொஞ்சம் தூக்கலாகவே போடுவார்கள். மனிதர்களுக்கு அது காவல். சீரகம் அளவுகூட இல்லாத குட்டிக்கு அது விஷம். என் அறையில் இருந்த காய்ச்சி வடித்த தண்ணீர் இரண்டு வாரத்துக்கு முன்னால்தான் தீர்ந்திருந்தது. தலைவிளக்குகளின் பேட்டரிக்கு ஊற்ற லாம்ப் ரூமில் அதே மாதிரித் தண்ணீர் வைத்திருப்பார்கள். அங்கே சொல்லி ஒரு கேன் வாங்கி, மேல் ஜாடிகளுக்கு நானே ஊற்றினேன். கீழ் ஜாடிகளுக்கு ஒரு பங்கை அவரிடம் கொடுத்தேன். அதை ஏன் ஊற்றவில்லை என்று கேட்டதும் அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அது பேட்டரி தண்ணிம்மா. லாம்ப் ரூம்ல கைல பட்டாலே கழுவச் சொல்லுவாங்க. உசுரு கீற பிராணிக்கு அத்த ஊத்தச் சொல்றீங்களே, படிச்சவங்களுக்கும் மறதி வரும்னு நெனச்சி நானே மாத்திட்டேன்" என்றார்.

கழுவச் சொல்வது பேட்டரிக்குள் இருக்கும் ஆசிட்டுக்காக. அதில் ஊற்றுவது வெறும் சுத்தத் தண்ணீர். அதை அவருக்கு ஒரு வரி நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. தப்பு முழுக்க என்னுடையது. ஆனாலும் அவசரப்பட்டு வாயைத் திறக்காமல், மேல் ஜாடி ஒன்றில் அவர் பாட்டிலிலிருந்து கொஞ்சம் ஊற்றி வைத்தேன். மறுநாள் அதிலும் குட்டிகள் செத்து மிதந்தன. பிழைத்தவை வட்டம் போட்டன. முனிரத்தினத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவர் ஜாடியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு கொலைக்குப் பொறுப்பேற்று இவ்வளவு மலர்ந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

"அப்போ கொன்னது நாந்தானா? சுரங்கம் இல்லியே? அப்பாடா, நானாவே இருக்கட்டும்மா."

நிலம் குலுங்கியது

கீழ் ஜாடிகளில் தாய் இறால்கள் சில தப்பியிருந்தன. சரியான தண்ணீரோடு அவற்றிலிருந்து மறுபடி ஆரம்பித்தோம். இனி எல்லாம் நேராகப் போகும் என்று நான் நிம்மதியாக உட்கார்ந்த ஒரு மத்தியானம், தரை ஒரு தூக்குத் தூக்கிப் போட்டது. ஆழத்துப் பாறை அழுத்தம் தாங்காமல் தானாக வெடித்தால் மேலே வீடுகள்கூட ஆடும். ராக் பர்ஸ்ட் என்பார்கள். மரப்பெட்டி கவிழ்ந்து ஒரு ஜாடி நொறுங்கியது. உப்புத் தண்ணீர் என் செருப்பை நனைத்தது. நான் அதைப் பார்க்கக்கூட நிற்காமல் கேஜ் ஏறி இறங்கும் ஷாஃப்டின் வாய்க்கு ஓடினேன். அது முனிரத்தினத்தின் ஷிப்ட்.

அங்கே ஏற்கெனவே பெண்கள் கூடியிருந்தார்கள். பாக்கியமும் நின்றிருந்தாள், வயிற்றில் ஒரு கை வைத்துக்கொண்டு. கேஜ் முதல் தடவை மேலே வந்தபோது அவர் அதில் இல்லை. இரண்டாவது தடவையும் இல்லை. மூன்றாவது தடவை தூசி அப்பிய முகத்தோடு இறங்கினார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, வெடித்தது வேறு பக்கம் என்றார்கள். பாக்கியம் அவர் தோளில் ஓங்கி ஓர் அடி அடித்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள். என் ஈரச் செருப்பைப் பார்த்து அவரே விஷயத்தைப் புரிந்துகொண்டார்.

"மேல வெச்சது ஒடஞ்சிடுச்சா? கீழ கீற ஜாடில ஒரு சொட்டு சிந்தலம்மா. நான் சொன்னா கேக்கவா போறீங்க, அல்லாத்தையும் கீழயே வெச்சிருக்கலாம்."

எண்ணி முடிப்பதற்குள்

நல்ல வேளை, மேலேயும் ஒரு ஜாடி தப்பியிருந்தது. கடைசிக் கணக்குக்கு வேண்டிய தலைமுறை இரண்டு பக்கமும் வந்து சேர்ந்தபோது பாக்கியத்துக்கு நாள் நெருங்கியிருந்தது. இயக்குநர் கேட்டது ஒரு பக்கம் இருக்கட்டும். எப்படியாவது பிரசவத்துக்கு முன்னால் முடித்து, முனிரத்தினத்திடம் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று எனக்குள் ஒரு வெறி வந்துவிட்டது. மனிதருக்கும் இறாலுக்கும் சம்பந்தமில்லை என்று அத்தனை தடவை உபதேசம் செய்தவளும் நான்தான். காலையில் குனிந்தால் மத்தியானம்தான் நிமிர்வேன். தட்டுத் தட்டாக எண்ணினேன், சாயம் ஏற்றிப் பார்த்தேன், சந்தேகப்பட்டு முதலிலிருந்து மறுபடி எண்ணினேன். முனிரத்தினம் தினமும் வாசலில் வந்து நின்று, தட்டுகளை எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்.

ஒரு புதன்கிழமை முற்பகலில் கடைசித் தட்டும் முடிந்தது. கூட்டிப் பார்த்தேன். மேலே பிறந்ததற்கும் கீழே பிறந்ததற்கும் வித்தியாசம் என்று சொல்ல ஒன்றுமில்லை. கோணல் அங்கேயும் அரிது, இங்கேயும் அரிது. நோட்டுப் புத்தகத்தை அப்படியே எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். பூட்டியிருந்தது. விடியற்காலையிலேயே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அந்த வழியெல்லாம் என்ன வேண்டிக்கொண்டேன், யாரிடம் வேண்டிக்கொண்டேன் என்று எனக்கு நினைவில்லை. பிரசவ வார்டு வராந்தாவில் முனிரத்தினம் பெஞ்சில் உட்கார்ந்து முகத்தைக் கையால் மூடிக்கொண்டிருந்தார். எனக்கு உயிரே போய்விட்டது. கிட்டே போனதும் நிமிர்ந்தார். கண்ணெல்லாம் தண்ணீர். உள்ளே போங்கள் என்று கையைக் காட்டினார்.

பாக்கியம் சாய்ந்து படுத்திருந்தாள். பக்கத்தில் துணி மூட்டைக்குள்ளிருந்து ஒரு பெண் குழந்தை, வார்டே கேட்கும்படி கத்திக்கொண்டிருந்தது. அப்படி ஒரு மூச்சு. நான் வெட்கமில்லாமல் அழுதேன். பின்னாலேயே வந்த முனிரத்தினம், நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, கணக்கு என்னம்மா ஆச்சு என்று கேட்டார். குழந்தையைக் கையில் வாங்கிய பிறகும் கேட்டார். வித்தியாசம் ஒன்றுமில்லை, மேலே எப்படியோ கீழேயும் அப்படித்தான் என்றேன். எந்த ஆராய்ச்சிக் கூட்டத்திலும் என் முடிவை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அவர் அந்த வாக்கியத்தைத் தானும் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பாக்கியத்துக்குத்தான் சிரிப்பு தாங்கவில்லை.

"நீங்க எண்ணி முடிக்கறதுக்குள்ள நான் பெத்தே முடிச்சுட்டேன். ரெண்டு பேரும் போயி மூஞ்சியக் கழுவிகினு வாங்க, கொழந்த பயந்துக்கப் போவுது."

ஒரு வித்தியாசமும் இல்லை என்ற முடிவை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று இயக்குநர் கடுப்போடு எழுதிக் கேட்டபோது, அதற்காக முனிரத்தினம் தன் லைன் முழுக்க வீடு வீடாகச் சர்க்கரை கொடுத்து முடித்துவிட்டார் என்பதைப் பதிலில் எந்தத் தலைப்பின்கீழ் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.